தொண்டர் படையில் காலாட்படைச் சேவை: மலையக இளைஞர்களுக்கான முழுமையான வழிகாட்டி

"ஆமியில் பகுதிநேரமாகச் சேரலாமா?" என்று கேட்கும் தம்பிமார் பெரும்பாலும் உடம்பைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். நெஞ்சளவு காணுமா, உயரம் காணுமா, எத்தனை தண்டால் எடுக்க வேண்டும் என்றுதான் கேள்வி வரும். மலை ஏறி இறங்கி வளர்ந்த பிள்ளைக்கு உடம்பு பெரிய தடையே இல்லை. நான் பார்த்த வரையில் நம்மவர்கள் இடறுவது வேறு இடங்களில்: பத்திரங்களில் பெயர் ஒத்துப்போவதில்லை, சிங்களம் பேச வருகிறது ஆனால் வாசிக்க வருவதில்லை, முதல் நெடுநடையிலேயே கால் புண்ணாகிவிடுகிறது. இவை எல்லாவற்றையும் விடப் பெரியது, எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று தெரியாமலேயே போட்டுவிடுவது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

படி 1: சேரப்போவது எது என்று தெரிந்துகொள்ளுங்கள்

1949ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க இராணுவச் சட்டம் நிரந்தரப் படை, தொண்டர் படை, இரண்டுக்குமான சேமப் படைகள் என்று இராணுவத்தைப் பிரிக்கிறது. வேலையையோ தொழிலையோ விடாமல் பயிற்சிக்கும் முகாமுக்கும் போய்வரும் சேவைக்கென்று ஏற்பட்டது தொண்டர் படை. அது இராணுவத்தை விடவே மூத்தது. 1881இல் தொடங்கிய தொண்டர் அணிதான் பிறகு இலங்கை இலகு காலாட்படை ஆனது. இன்று அந்தப் படையணியோடு சிங்கப் படையணி, கெமுனு ஹேவா, கஜபா, விஜயபாகு ஆகியவற்றிலும் நிரந்தரப் பட்டாலியன்களும் தொண்டர் பட்டாலியன்களும் உண்டு. பட்டாலியனின் எண்ணுக்குப் பக்கத்தில் 'தொண்டர்' என்று போட்டிருப்பதை வைத்து அடையாளம் காணலாம். கெமுனு ஹேவா 1962இல் தியத்தலாவையில்தான் உருவாக்கப்பட்டது. இப்போது அதன் மையம் குருவிட்ட. சிங்கப் படையணியின் மையம் அம்பேபுஸ்ஸ.

பலர் இதைச் சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தோடு குழப்பிக்கொள்கிறார்கள். அது 2006இல் வந்த தனித் திணைக்களம், இராணுவம் அல்ல. பாடசாலைக் கடேற் படையும் வேறு. அதில் பெற்ற பழக்கம் உதவும், ஆனால் அது இராணுவச் சேவை ஆகாது. பெண் பிள்ளைகள் சேர்வது காலாட்படையில் அல்ல, 1979இல் தொடங்கிய இராணுவ மகளிர் படையணியில். அதிலும் தொண்டர் பிரிவுகள் உண்டு.

இனி முக்கியமான விஷயம். தொண்டர் படை என்றால் வார இறுதியில் போய்விட்டு திங்கட்கிழமை வேலைக்குத் திரும்புவது என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். யுத்தக் காலத்தில் தொண்டர் பட்டாலியன்கள் முழுநேர சேவைக்கு அழைக்கப்பட்டன. அவற்றில் இருந்தவர்கள் வருடக்கணக்காக நிரந்தரப் படையினரைப் போலவே முகாமில் இருந்து, மாதச் சம்பளம் வாங்கினார்கள். அந்தப் பழக்கம் யுத்தத்தோடு நின்றுவிடவில்லை. ஆகவே ஆட்சேர்க்கும் அதிகாரியிடம் நேராகக் கேளுங்கள்: இந்த இடம் முழுநேர அழைப்பில் உள்ளதா, பயிற்சி முகாமுக்கு மட்டும் வருவதா? வருடத்துக்கு எத்தனை நாள்? எத்தனை வருட ஒப்பந்தம்? எந்த மாவட்டத்துக்கும் அனுப்பலாமா? பதிலை அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். அப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. பொறுப்பான அதிகாரி எவரும் அதற்குக் கோபிக்க மாட்டார்.

நம் மலைக்குப் பகுதிநேரச் சிப்பாய் புதியவர் அல்லர். 1900இல் கண்டியைத் தலைமையிடமாகக் கொண்டு தோட்டத் துரைமாரின் துவக்குப் படை ஒன்று உருவானது. வாரநாளில் தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரர்களே ஓய்வு நாளில் பயிற்சி எடுத்தார்கள். 1914இல் அவர்களில் ஒரு பிரிவு எகிப்துக்கும், அங்கிருந்து துருக்கியின் கலிப்பொலிப் போர்முனைக்கும் போனது. 1949இல் அந்தப் படை கலைக்கப்படும் வரை லயத்துப் பிள்ளைக்கு, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டுப் பிள்ளைக்கு, அதில் இடமே இருந்ததில்லை. இன்றைக்கு நாம் விண்ணப்பிக்கலாம் என்பது சின்ன விஷயம் அல்ல என்றே நான் நினைக்கிறேன்.

படி 2: வீட்டிலும் மனதிலும் பேசி முடியுங்கள்

இதைத் தாண்டிப் போக யாராலும் முடியாது. 1983 கலவரத்தையும், அதற்குப் பிறகு சோதனைச் சாவடிகளில் தமிழ்ப் பெயருக்காகவே இறக்கி நிறுத்தப்பட்டதையும் அனுபவித்த தாத்தா பாட்டிமார் நம் வீடுகளில் இருக்கிறார்கள். பேரன் அந்தச் சீருடையைப் போடுவது அவர்களுக்கு எளிதாக இருக்காது. ஒளித்துச் சேராதீர்கள். உட்கார்ந்து பேசுங்கள், அவர்கள் சொல்வதை முழுக்கக் கேளுங்கள். சம்மதிக்காவிட்டாலும் பரவாயில்லை, தெரிந்திருக்க வேண்டும்.

சேர விரும்புவதற்கான நியாயமும் உண்டு. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிந்து லயங்கள் புதைந்தபோது சேற்றைத் தோண்ட வந்தவர்களில் இராணுவத்தினரும் இருந்தார்கள். எந்த லயத்தில் எத்தனை காம்பரா (அறை), பீலி (தண்ணீர்க் குழாய்) எங்கே, பிள்ளைமடுவம் (பிள்ளைப் பராமரிப்பு நிலையம்) எங்கே என்று தமிழில் கேட்டு, அழுகிற ஆளிடமிருந்து பதில் வாங்கத் தெரிந்த சிப்பாய் ஒருவர் அப்படியான இடத்தில் எவ்வளவு பெறுமதியானவர் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். பொதுசனப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி, பொது ஒழுங்கைக் காக்க ஆயுதப் படைகளை அழைக்க ஜனாதிபதிக்கு அதிகாரம் உண்டு. ஒரு சம்பளப் போராட்டத்தின்போது வீதியோரம் காவலுக்கு நிற்கும் அணியில் நீங்கள் இருக்கலாம். எதிரே உங்கள் சித்தி கொடியோடு நிற்கலாம். சட்டத்துக்கு உட்பட்ட கட்டளை என்றால் நிற்கத்தான் வேண்டும். சட்டவிரோதமான கட்டளைக்குக் கீழ்ப்படிவது குற்றத்திலிருந்து காப்பாற்றாது. இந்தக் காட்சியை மனதில் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். முடியாது என்று பட்டால் இங்கேயே நிறுத்திவிடுவதும் நேர்மையான முடிவுதான்.

படி 3: பத்திரங்கள்

ஆறு மாதம் முன்னதாகவே தொடங்குங்கள். தேவைப்படுபவை: பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, பாடசாலை விடுகைப் பத்திரம், க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறு, பிரதேச செயலாளர் மேலொப்பமிட்ட கிராம உத்தியோகத்தர் சான்றிதழ், நன்னடத்தைச் சான்றுகள். பொலிஸ் விசாரணை தனியாக நடக்கும்.

எல்லாப் பத்திரத்தையும் மேசையில் பரப்பி, பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். நம் பக்கத்தில் இதுதான் தீராத தலைவலி. பிறப்புச் சான்றிதழில் தமிழில் 'சிவலிங்கம்' என்று இருக்கும். அடையாள அட்டையில் சிங்களத்தில் கடைசி எழுத்து விழுந்திருக்கும். பாடசாலைப் பத்திரத்தில் தகப்பன் பெயரும் பிள்ளை பெயரும் இடம் மாறியிருக்கும். பிறந்த திகதியே இரண்டு விதமாக இருப்பதும் உண்டு. பிறப்புப் பதிவில் பிழை என்றால் பிரதேச செயலகத்திலுள்ள மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் திருத்த விண்ணப்பம் கொடுக்க வேண்டும். அடையாள அட்டையில் பிழை என்றால் கிராம உத்தியோகத்தர் வழியாக ஆட்பதிவுத் திணைக்களத்துக்குப் போக வேண்டும். முதலில் பிறப்புப் பதிவைச் சரிசெய்து, அதை வைத்து மற்றவற்றைத் திருத்துங்கள். வரிசை மாறினால் இரண்டு முறை அலைய வேண்டி வரும்.

பிரஜாவுரிமை பற்றி யாராவது கேட்டால் தடுமாறாதீர்கள். 1948இல் பறிக்கப்பட்டது நம் மூத்தவர்களின் பிரஜாவுரிமை. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வசித்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களின் சந்ததியினருக்கும் அதைத் தந்தது. வீட்டில் தாத்தாவின் பிரஜாவுரிமைப் பத்திரம் இருந்தால் ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.

படி 4: அறிவித்தலுக்குக் காத்திருங்கள், தரகரை நம்பாதீர்கள்

வயது, உயரம், கல்வித் தகைமை எல்லாம் ஒவ்வொரு அறிவித்தலிலும் தனித்தனியாகக் குறிக்கப்படும். அண்ணன் சேர்ந்தபோது இருந்த விதி உங்களுக்குப் பொருந்த வேண்டும் என்றில்லை. இராணுவத்தின் இணையத்தளத்தையும் பத்திரிகை அறிவித்தல்களையும் பாருங்கள். படையணி மையத்துக்கு நேரில் போயும் கேட்கலாம். இன்னொன்றையும் கணக்கில் எடுங்கள்: 2,00,783ஆக இருந்த அனுமதிக்கப்பட்ட ஆளணியை 2024 முடிவில் 1,35,000ஆகவும், 2030இல் 1,00,000ஆகவும் குறைக்கும் திட்டத்தை அரசாங்கம் 2023 ஜனவரியில் அறிவித்தது. ஆகவே இடங்கள் குறைவு, காத்திருப்பு நீளும். அதுவரை கையில் இருக்கிற வேலையை விடாதீர்கள்.

சேர்த்துவிடுகிறேன் என்று பணம் கேட்பவர் யாராக இருந்தாலும் ஏமாற்றுக்காரர். சேர்வதற்குக் கட்டணம் எதுவும் கிடையாது. வெளிநாட்டில் இராணுவ வேலை, இலட்சக்கணக்கில் சம்பளம் என்று வருகிறவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். 2024இல் அப்படி அழைத்துப் போகப்பட்ட நம் நாட்டு முன்னாள் படையினர் ரஷ்ய–உக்ரேன் யுத்த முனையில் செத்துப்போனது எல்லாரும் அறிந்ததே.

படி 5: சிங்களம் வாசிக்கப் பழகுங்கள்

கடைத்தெருச் சிங்களம் நம்மில் பலருக்கு நன்றாக வரும். முகாமில் அது போதாது. கடமைப் பட்டியல், அறிவித்தல் பலகை, கிடங்கில் பொருள் வாங்கும் படிவம், லீவு விண்ணப்பம் எல்லாமே சிங்களத்தில் இருக்கும். எழுத்துக்களைக் கூட்டி வாசிக்க இரண்டு மூன்று மாதம் போதும். பஸ் பெயர்ப் பலகையில் தொடங்கி, பத்திரிகைத் தலைப்புக்குப் போங்கள். அப்புறம் உங்கள் பெயர், முகவரி, அடையாள அட்டை விவரங்களைச் சிங்களத்தில் தடங்கலில்லாமல் எழுதப் பழகுங்கள்.

அணிவகுப்புக் கட்டளைகளை முன்பே காதில் ஏற்றிக்கொண்டால் முதல் வாரம் பாதி இலகுவாகும். 'சீருவென்' என்றால் நேராக நில். 'பஹசுவென்' என்றால் இலகுவாக நில். 'வமட்ட ஹெரென்' இடப்பக்கம் திரும்ப, 'தகுணட்ட ஹெரென்' வலப்பக்கம் திரும்ப. 'இதிரியட்ட யன்' என்றால் முன்னே நட, 'நவதின்' என்றால் நில். கட்டளையை மனதில் தமிழாக்கிக்கொண்டு திரும்புகிறவர் எப்போதும் அரை நொடி பிந்துவார், வரிசை முழுக்க அவரைத்தான் பார்க்கும். நண்பர் ஒருவரைக் கத்தச் சொல்லி, கேட்டவுடன் உடம்பு திரும்பும் வரை பழகுங்கள்.

ஒப்பந்தப் படிவம் விளங்கவில்லை என்றால் தமிழில் விளக்கம் கேளுங்கள். அரசியலமைப்பின்படி தமிழும் அரச கரும மொழி.

படி 6: உடம்பு, எல்லாவற்றிலும் முக்கியமாகக் கால்

மலையில் வளர்ந்தவருக்கு மூச்சு இருக்கும், தொடை இருக்கும். குறைவது சமதரை வேகமும் தோள் பலமும். பன்னிரண்டு வாரத் திட்டம் ஒன்று சொல்கிறேன்.

முதல் நான்கு வாரம், கிழமைக்கு மூன்று நாள் அரை மணி நேரம் சமதரையில் மெதுவாக ஓடுங்கள். ஹட்டன் பக்கத்தவர்களுக்கு டன்பார் மைதானம் இருக்கிறது. தோட்டத்தில் இருப்பவர்களுக்குப் பாடசாலை மைதானம் போதும். அடுத்த நான்கு வாரம் அதில் ஒரு நாளை வேக ஓட்டமாக்குங்கள்: 400 மீற்றர் வேகமாக, இரண்டு நிமிடம் நடை, இப்படி ஆறு சுற்று. கடைசி நான்கு வாரத்தில் 2.4 கிலோமீற்றரை 12 நிமிடத்துக்குள் முடிப்பதைக் குறியாக வையுங்கள். தண்டாலும் கம்பியில் தொங்கி எழும்புவதும் ஒருநாள் விட்டு ஒருநாள். தேயிலை மலை வீதியில் ஓடுவதானால் ஏற்றத்தில் ஓடுங்கள், இறக்கத்தில் நடங்கள். இறக்கத்தில் ஓடித்தான் முழங்காலும் கணைக்கால் எலும்பும் கெடுகின்றன.

ஐந்தாம் வாரத்திலிருந்து கிழமைக்கு ஒருமுறை சுமை நடை. 8 கிலோ, 5 கிலோமீற்றரில் தொடங்கி, மெல்ல மெல்ல 15 கிலோ, 10 கிலோமீற்றருக்கு வாருங்கள். பாரமான பொருள் பையின் மேல்பகுதியில், முதுகை ஒட்டி இருக்க வேண்டும். கொழுந்துக்கூடையின் பாரம் நெற்றிக் கயிற்றில் தொங்கும். இராணுவப் பையின் பாரம் இடுப்பில் உட்கார வேண்டும், தோள் அதைச் சாயாமல் பிடிக்க மட்டும்தான். சுமையோடு ஓடவே ஓடாதீர்கள்.

சரி, காலுக்கு வருவோம். காலாட்படை என்ற பெயரிலேயே கால் இருக்கிறது. கால் போனால் மற்ற எதுவும் உதவாது. சப்பாத்தைப் பின்னேரத்தில் வாங்குங்கள், நடந்து வீங்கிய காலுக்கு அப்போதுதான் சரியான அளவு தெரியும். தடித்த காலுறையோடு போட்டுப் பார்த்து, பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரல் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். புதுச் சப்பாத்தை முதலில் வீட்டைச் சுற்றி, பிறகு கடைக்கு, பிறகு சுமை நடைக்கு என்று பழக்குங்கள். நகத்தை நேராக வெட்டுங்கள். இறக்கத்தில் விரல் முன்னால் முட்டி நகம் கறுப்பது பெரும்பாலும் நகம் நீண்டிருந்தால்தான். இறக்கம் தொடங்குமுன் நின்று, கணுக்கால் பக்கக் கயிற்றை இறுக்கிக் கட்டுங்கள்.

குதிகாலில் சூடு தெரிந்த உடனே நிற்க வேண்டும். அந்த இடம் சிவந்திருக்கும், தோல் இன்னும் எழும்பியிருக்காது. துடைத்து உலர்த்தி, சுருக்கம் விழாமல் பிளாஸ்டர் ஒட்டி, காலுறையை மடிப்பில்லாமல் இழுத்துப் போட்டால் அன்றைய நடை தப்பும். இன்னும் ஒரு மைல்தானே என்று நடந்தால் கொப்புளம் எழும்பி உடைந்து, அடுத்த நான்கு நாள் மருத்துவ அறையில்தான். மழையில் நனைந்த காலுறையை இடைநிறுத்தத்தில் கழற்றிப் பிழிந்து, உலர்ந்ததை மாற்றுங்கள். பொலித்தீன் பையில் சுற்றிய உலர்ந்த காலுறை ஒரு சோடி எப்போதும் பையில் இருக்க வேண்டும்.

அட்டைக்குக் காலுறை விளிம்பிலும் சப்பாத்து நாக்கிலும் சவர்க்காரத்தைக் காயவே தேய்த்துவிடுங்கள். கடித்துவிட்டால் பிய்த்து இழுக்காமல், நகத்தால் வாய்ப் பக்கத்தைச் சறுக்கி எடுத்து, இடத்தைக் கழுவி அழுத்திப் பிடியுங்கள்.

பயிற்சிக்குக் காலநிலையும் பாருங்கள். ஹட்டன், நுவரெலியாப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் மழை. பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஒக்டோபர் முதல் ஜனவரி வரைதான் பெரிய மழை. தியத்தலாவையின் பதனைப் புல்வெளியில் பகல் வெயில் சுடும், இரவில் குளிர் எலும்பில் இறங்கும். ஒரே நாளுக்கு இரண்டுக்கும் உடுப்பு வேண்டும்.

சாப்பாட்டில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். நம் லயங்களில் இரத்தசோகை பரவலாக உண்டு. ரொட்டி, சம்பலோடு பிளேன்டீ குடிக்கும் பழக்கம் அதை மோசமாக்கும். சாப்பாட்டோடு குடிக்கும் தேநீர் இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைக் குறைக்கிறது. தேநீரை ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். முட்டை, பருப்பு, நெத்தலி, தேசிக்காய் பிழிந்த கீரை என்று சேர்த்துக்கொள்ளுங்கள். மருத்துவப் பரிசோதனையில் கண், காது, பல், தட்டைப்பாதம், நரம்புச் சுருட்டல், குடலிறக்கம் எல்லாம் பார்ப்பார்கள். அரச ஆஸ்பத்திரியில் முன்பே காட்டி, பல்லைச் சரிசெய்துவிட்டுப் போங்கள்.

படி 7: முகாமின் முதல் நாட்கள்

காலைப் பிரட்டுக்கு (வேலை பிரிக்கும் கூட்டத்துக்கு) நேரத்துக்கு நின்று பழகிய தோட்டத்துப் பிள்ளைக்கு விடியலில் எழும்புவது சிரமமாக இருக்காது. சிரமமாக இருப்பது, ஒவ்வொரு பொருளும் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடுதான். அதற்குக் காரணம் உண்டு: இருட்டில், மழையில், பதற்றத்தில் கை தேடாமல் எடுக்க வேண்டும்.

துவக்கு பெரும்பாலும் டி-56, 7.62 மில்லிமீற்றர், 30 ரவை மகசின். முதல் பாடமாக வருவதை உயிர் உள்ளவரை மறக்காதீர்கள். பாதுகாப்பாக்கும்போது முதலில் மகசினைக் கழற்று, பிறகுதான் போல்ட்டை இழுத்து ரவை அறையைப் பார். வரிசையை மாற்றி முதலில் இழுத்தால், உள்ளே இருந்த ரவை வெளியேறும் அதே நொடியில் மகசினிலிருந்து புதியது ஏறிவிடும். பிறகு மகசினைக் கழற்றினாலும் துவக்கு நிரம்பித்தான் இருக்கும். வெறும் துவக்கு வெடித்தது என்று சொல்லப்படும் விபத்துகளின் பின்னால் இந்த வரிசைப் பிழை இருப்பது உண்டு.

குளிர்ப் பிரதேசத்தில் இன்னொரு கவனம். இரவுக் காவல் முடிந்து குளிர்ந்த துவக்கைச் சூடான அறைக்குள் கொண்டுவந்தால் இரும்பு வியர்க்கும், காலையில் துருப் பிடித்திருக்கும். சற்று நேரம் பொறுத்துத் துடைத்து, மெல்லிய எண்ணெய்ப் பூச்சு போடுங்கள். சுட்ட நாளில் வாயுக் குழாயையும் பிஸ்டனையும் கரி போகத் துடைக்காமல் தூங்கக் கூடாது.

செக்ஷன், பிளட்டூன், கொம்பனி, பட்டாலியன் என்று அடுக்கு போகும். உங்கள் உலகம் மிகச் சிறிய அணியான செக்ஷன்தான். ஒருவர் நகரும்போது மற்றவர் எதிரியை நோக்கிச் சுட்டு அவருக்குக் காவல் கொடுப்பதே காலாட்படையின் அடிப்படை. அதனால் பக்கத்து ஆளின் பெயர், இரத்த வகை, பலவீனம் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். பகுதிநேரத்தில் இது இன்னும் கடினம், ஏனெனில் மாதக்கணக்கில் பார்க்காமல் மறுபடி சேருவீர்கள். முகாமுக்கு வெளியிலும் தொடர்பில் இருங்கள்.

தமிழன் என்பதற்காகக் கேலியோ அதைவிட மோசமானதோ நடந்தால் அன்றைக்கே திகதி, நேரம், இருந்தவர்கள் என்று எழுதி வையுங்கள். முதலில் செக்ஷன் தலைவர், பிறகு கொம்பனி அதிகாரி. அங்கே தீராவிட்டால் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்குக் கண்டியிலும் பதுளையிலும் பிராந்திய அலுவலகங்கள் உண்டு. 1996 என்ற இலக்கத்துக்கு அழைக்கவும் செய்யலாம். காயம் பட்டாலும் அப்படித்தான்: சின்னதென்றாலும் அன்றே மருத்துவப் பதிவில் ஏற்றுங்கள். பதிவில் இல்லாத காயத்துக்குப் பிறகு நட்டஈடு கேட்க முடியாது போகலாம்.

படி 8: வேலையும் சம்பளமும்

தோட்டத்தில் பேர் (அன்றைய வேலைக்கான வரவுப் பதிவு) போட்டால்தான் சம்பளம். முகாம் நாட்களில் பேர் இருக்காது, வரவும் குறையும். முகாம் திகதி தெரிந்தவுடன் பட்டாலியனிடம் கடிதம் கேட்டு வாங்குங்கள். ஒரு பிரதியைத் தோட்டக் காரியாலயத்தில் கொடுத்து, மறு பிரதியில் திகதியோடு முத்திரை வாங்கி வையுங்கள். பேரை வெட்டிவிட்டார்கள் என்ற தகராறு வந்தால் கையில் இருக்கும் ஒரே ஆதாரம் அதுதான். கடையிலோ ஆடைத் தொழிற்சாலையிலோ வேலை என்றால் சேரும் முன்பே முதலாளியிடம் பேசுங்கள். உங்கள் பெயரில் வங்கிக் கணக்கு இருக்க வேண்டும், தகப்பனாரின் கணக்கு போதாது.

சீருடையில் கட்சிக் கூட்டத்துக்கோ சங்க ஊர்வலத்துக்கோ போகக் கூடாது. சீருடையில் படம் எடுத்து முகநூலில் போடும் ஆசையையும் அடக்கிக்கொள்ளுங்கள். பின்னணியில் தெரியும் முகாம் வாசலே பிரச்சினையாகலாம்.

படி 9: விலகுவதானால்

கலியாணம், வெளிநாட்டு வேலை, அம்மாவுக்கு வருத்தம் என்று நிலைமை மாறும். அப்போது முகாமுக்குப் போகாமல் இருந்துவிடலாம் என்று நினைப்பதுதான் பெரிய ஆபத்து. அறிவிக்காமல் வராமலிருப்பது இராணுவச் சட்டத்தில் குற்றம். அவ்வப்போது பொது மன்னிப்புக் காலம் அறிவிப்பார்கள்தான், ஆனால் அதை நம்பி வாழ முடியாது. இடையில் பிடிபட்டால் தண்டனை. விமான நிலையத்திலும் சிக்கல் வரலாம். காரணத்தை எழுதி, ஆதாரம் இணைத்து, கட்டளை அதிகாரிக்கு விலகல் விண்ணப்பம் கொடுங்கள். கிடங்கில் வாங்கிய ஒவ்வொரு பொருளையும் பட்டியல்படி திருப்பிக் கொடுத்து கையெழுத்து வாங்குங்கள். விலகல் பத்திரம் கையில் கிடைக்கும் வரை அடுத்த வேலைக்கான கடவுச்சீட்டு, விசா அலுவல்களைத் தொடங்காதீர்கள்.